நாடி பார்க்கும் ஞாயிறு

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மிளகாய் வத்தலும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்த சுடலைக்கண்ணுவுக்கு, ஐம்பது வயதை நெருங்கும்போது பொம்மைக் கார் ஓட்டும் பழக்கம் வந்தது. பொம்மைக் கார் என்று யாராவது சொன்னால், "ரிமோட் ரேஸ் கார்" என்று திருத்துவார். திருத்திவிட்டு, ஒருவேளை அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிவிட்டோமோ என்று எதிராளியின் முகத்தைப் பார்ப்பார். மனிதர் அப்படி. ஒரு வார்த்தை பேசிவிட்டு அதற்காக ரெண்டு நாள் வருத்தப்படுகிற ரகம்.

சொந்த ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. மீசை அரும்பும் வயதில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்தவர். தங்கைகளுக்குக் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்தார். அவர்களுக்கு ஒவ்வொன்றாக முடிந்தபோது, அண்ணனுக்கும் ஒரு பெண் பார்க்க வேண்டும் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்பார் அவர். சொல்லலாம். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சொல்ல வேண்டியவரே வாயைத் திறக்காதபோது மற்றவர்களுக்கு என்ன வந்தது?

கடைக்கு மேலேயே மாடியில் ஓர் அறை. கீழே கிட்டங்கியில் அடுக்கியிருக்கும் வத்தல் மூட்டைகளின் நெடி பலகை இடுக்கு வழியாக மேலே வரும். அவருக்குப் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் படியேறும்போதே தும்ம ஆரம்பித்துவிடுவார்கள். அந்த மாடியில் தும்மல் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது. பகலில் கடையில் பேச்சுக்குக் குறைவில்லை. எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது, லாரி எங்கே நிற்கிறது. சாயங்காலம் கடை சாத்தினால் அதுவும் இல்லை.

கார் வந்தது முதலாளி வீட்டிலிருந்து. முதலாளியின் மைத்துனர் துபாயிலிருந்து தன் பிள்ளைக்கு வாங்கி வந்தது. பிள்ளை அதைச் சுவரில் மோதி முன்சக்கரத்தைத் தொங்கவிட்டதும் அது கிட்டங்கிக்கு வந்து சாக்குகளுக்கு நடுவே கிடந்தது. "வேணும்னா எடுத்துட்டுப் போவும்" என்றார் முதலாளி. சுடலைக்கண்ணு சைக்கிள் கம்பியில் ஒரு துண்டு நறுக்கிச் சக்கரத்தைத் திரும்ப மாட்டினார். காரோடு வந்த விளக்கப் புத்தகம் செல்லரித்துக் கிடந்ததால், அதை நகலெடுக்கக் கிள்ளிப்பாலத்தில் தாசையன் நடத்திய போட்டோஸ்டாட் கடைக்குக் கொண்டுபோனார். தாசையன் மார்த்தாண்டத்துக்காரர், வாய் மூடாத மனிதர். படத்தைப் பார்த்ததும் நகலெடுப்பதை நிறுத்திவிட்டு இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓய், இது நம்ம சாதியாக்கும். நம்மகிட்டயும் ஒண்ணு உண்டு. ஞாயித்துக்கிழம வாரும்."

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த சமயம் அது. அந்தக் கடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கல்யாண ஆடிட்டோரியத்தின் பின்முற்றத்தில், கார் நிறுத்தும் சிமென்ட் தரையில், ஞாயிறு காலைகளில் ரேஸ் நடந்தது. முகூர்த்தம் இருந்தால் ரேஸ் கிடையாது. மலையாளத்துக் கர்க்கடக மாதம், நம் ஆடியில், கல்யாணமே இல்லை, முற்றம் முழுவதும் இவர்களுக்கு. ஆனால் மழை விடாது. அடுத்த மாதமான சிங்கம் பிறந்து மழை விட்டால் கல்யாணங்கள் வரிசை கட்டும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைத்த ஞாயிறுகளில் நாலு பேர் கூடினார்கள். தாசையன், சுடலைக்கண்ணு, பைக் ஷோரூமில் வேலை பார்க்கும் பிரவின்ராஜ், துபாயில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய அனூப். பின்னவர்கள் இருவருக்கும் முப்பது வயதுக்குள் இருக்கும்.

இந்தக் கார்களின் வியாதி ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு சக்கரத்தையும் உடம்போடு சேர்த்துப் பிடிப்பது நைலானில் வார்த்த ஒரு கை. கையின் அடியில் குறுக்கே ஓர் ஓட்டை, ஓட்டைக்குள் ஓர் இரும்புப் பின். மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது கை இந்தப் பின்னைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் மடங்கும். ஓட ஓட மண்ணும் தூசியும் உள்ளே புகுந்து அரைத்து ஓட்டையை அகலமாக்கிவிடும். பிறகு சக்கரம் பக்கவாட்டிலும் ஆடத் தொடங்கும். ஆட்டம் வந்த கார் நேராகப் போகச் சொன்னால் யோசித்து யோசித்துப் போகும். வளைவில் பின்புறம் குடிகாரன் மாதிரி ஒதுங்கும். மாற்றிப் போடலாம் என்றால் இந்த ஊர் முழுக்கத் தேடினாலும் அந்தச் சாமான் கிடைக்காது. வளைகுடாவிலிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. அதுவரை சைக்கிள் கம்பி, பேனா ரீபில் குழாய், ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடி, தையல் மெஷின் எண்ணெய் என்று காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

வெளிநாட்டில் ஆள் இருக்கிறவன் கார் இறுகி ஓடுவதும் இல்லாதவன் கார் தள்ளாடுவதும் என்ன நியாயம் என்று தாசையன் ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். ரேஸுக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒவ்வொரு காராகச் சோதிப்பார்கள். சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்ப்பது. எந்தக் காரில் ஆட்டம் அதிகமோ அது முதல் வரிசையில் நிற்கும். இறுக்கமான கார் கடைசியில். இதற்கு அவர்கள் வைத்த பெயர் நாடி பார்ப்பது.

சுடலைக்கண்ணுவின் கார்தான் எப்போதும் பெரிய நோயாளி. அதற்கு நாடி பார்க்க மற்ற மூன்றுக்கும் ஆகிற நேரம் ஆகும்.

"இது காரா தொட்டிலா ஓய்? நான் தாலாட்டுப் பாடணுமோ?" என்பார் தாசையன், பின்சக்கரத்தை அசைத்துக்கொண்டே.

"அண்ணாச்சி, உள்ளே எந்தா போட்டிருக்கு? சைக்கிள் கம்பியோ?" என்று குனிவான் அனூப்.

"ஆமா தம்பி. மேல ரீபில் குழாய வெட்டிச் சொருகியிருக்கேன்."

"ரீபில் ஒரு வாரம் நிக்காது அண்ணாச்சி. பற்பசை டியூப வெட்டிச் சுத்திப் பாருங்க" என்று பிரவின்ராஜ் சொல்ல, அது துருப்பிடிக்குமா பிடிக்காதா என்று வாதம் கிளம்பும். டீ வரும். குனிந்த தலைகள் ஒன்றோடொன்று முட்டும். யாராவது ஒருவர் பேச்சு சுவாரசியத்தில் இவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டு இன்னும் குனிவார். அந்தக் கையின் கனம் சுடலைக்கண்ணுவுக்குப் பிடித்திருந்தது. அவர் தோளில் வேறு யாரும் கை வைப்பதில்லை. திங்கட்கிழமை கணக்கு எழுதும்போதுகூட அந்த இடம் ஞாபகத்தில் இருக்கும்.

அவர் நினைத்திருந்தால் அந்த ஆட்டத்தைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். கைவேலையில் சுத்தமான மனிதர். ஊசியில் நூல் கோக்கிற பொறுமை உண்டு. ஆனாலும் சனிக்கிழமை தோறும் மூன்று சக்கரத்தைச் சீராக்கிவிட்டு நாலாவதை அப்படியே விட்டுவிடுவார். வேண்டுமென்று விடுகிறோம் என்பது அப்போது அவருக்கே தெரியாது. கண் வலிக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிடுவார்.

ஒரு பங்குனி மாதம் அனூப் ஒரு கல்யாணத்துக்காகத் துபாய் போய்த் திரும்பினான். வந்த ஞாயிறன்று ஒரு பொட்டலத்தை எடுத்துச் சுடலைக்கண்ணுவின் கையில் வைத்தான்.

"அண்ணாச்சிக்காக்கும். நாலு கையும் உண்டு. பின், ரப்பர், எல்லாம் ஒரிஜினல். மூணு கடை ஏறி இறங்கி வாங்கினது."

சுடலைக்கண்ணுவுக்கென்று ஒருவர் கடை ஏறிச் சாமான் வாங்குவது அவர் அறியாத விஷயம். "எதுக்குத் தம்பி" என்றபடி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு ரேஸே நடக்கவில்லை. அனூப் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கையாக மாட்ட, பிரவின்ராஜ் திருகாணிகளைப் பொறுக்கிக் கொடுக்க, தாசையன் பெண் வீட்டுச் சீரைப் பார்வையிடுகிற சம்பந்தி மாதிரி ஒவ்வொன்றுக்கும் அபிப்பிராயம் சொன்னார். சுடலைக்கண்ணு எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். நல்ல நாள் அது.

அடுத்த ஞாயிறு தாசையன் அவர் காரின் சக்கரத்தைப் பிடித்து அசைத்தார். அசையவில்லை. இன்னொன்றைத் தொட்டுப் பார்த்தார். அதுவும் அப்படியே.

"கல்லாட்டம் இருக்கு. இனி ஆறு மாசத்துக்கு உம்ம காரத் தொட்டுப் பாக்க வேண்டிய ஜோலியில்ல. நேரா கடைசியில கொண்டு போட்டுக்கும்."

சுடலைக்கண்ணு காரை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார். ரேஸில் அவருக்குத்தான் ஜெயம். கடைசியிலிருந்து புறப்பட்ட கார் சொன்ன பேச்சைக் கேட்டு, வளைவுகளில் கோடு போட்ட மாதிரி திரும்பி, எல்லோரையும் தாண்டி வந்து நின்றது. "பின்னே, புதுக் கையல்லே" என்றான் அனூப் சந்தோஷமாக. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பிரவின்ராஜின் காரில் ஷாக் அப்சார்பரிலிருந்து எண்ணெய் கசிகிறது என்று அங்கே போய்க் குனிந்துகொண்டார்கள்.

வட்டத்துக்கு வெளியே நின்றால் முதுகுகள்தான் தெரியும். சுடலைக்கண்ணு இரண்டடி தள்ளி நின்று, "குப்பி ரப்பர் போட்டா நிக்கும்" என்றார். யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். டீக்கடைக்காரர் குனிந்திருந்தவர்களுக்கெல்லாம் கிளாசைக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்த ஒன்றோடு சுற்றுமுற்றும் பார்த்து, "இது ஆர்க்கு?" என்று கேட்டார்.

முட்டி மோதி உள்ளே நுழைய வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். அது நுழைந்து பழகியவர்கள் கேட்கிற கேள்வி. சுடலைக்கண்ணு, கூப்பிட்டால் ஓடி வருவார்; கூப்பிடாத இடத்தில் நிற்க அவருக்குத் தெரியாது. இத்தனை நாளும் அவரைக் கூப்பிட்டது அவருடைய கார்தான். இப்போது அது சுகமாகிவிட்டது.

வாரங்கள் போயின. அவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார். கடைசி வரிசையில் தனியாக நிற்பார், ஓட்டுவார், ஜெயிப்பார், காரைத் துடைத்துப் பைக்குள் வைப்பார். யாருக்கும் அவர் மேல் பொறாமையும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. பொறாமைப்பட்டிருந்தாலாவது ரெண்டு வார்த்தை பேசியிருப்பார்கள். ஒரு தடவை, "என் காரையும் ஒருக்கா பாருமே" என்று தாசையனிடம் கேட்டேவிட்டார். "புதுசப் பாக்க என்ன இருக்கு ஓய்?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த காருக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் சுடலைக்கண்ணு அறைக்குத் திரும்பி விளக்குப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அழுகிற அளவுக்கு என்ன நடந்துவிட்டது என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை ஹர்த்தால் வந்தது. திருவனந்தபுரத்தில் ஹர்த்தால் வருவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆரியசாலை முழுவதும் ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன. லாரி இல்லை, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களின் சத்தம் இல்லை. மத்தியானம் கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்தபோது, முந்தைய நாள் கடை சாத்தியதிலிருந்து தான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அவருக்கு உறைத்தது. தொண்டையைச் செருமிப் பார்த்தார். குரல் இருந்தது.

காரை எடுத்து மேஜை மேல் வைத்துப் பின்பக்கத்துக் கைகள் இரண்டையும் கழற்றினார். சைக்கிள் கம்பியில், இரும்பைத் தேய்க்கும் எமரித் துணியை நாடாவாகக் கிழித்துச் சுற்றினார். கையின் ஓட்டைக்குள் விட்டுத் திருகினார். வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது. கடல் கடந்து அந்தப் பையன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த சாமான். கம்பியை வெளியே எடுத்துக் கீழே வைத்துவிட்டார். ஜன்னல் வழியாக வெறிச்சோடிய தெருவைப் பார்த்தார். பிறகு மறுபடி எடுத்து விட்ட இடத்திலிருந்து திருகினார். பின்னைச் சொருகி அசைத்துப் பார்த்தபோது சக்கரம் பழையபடி ஆடியது. மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. வெட்கக்கேடான நிம்மதி.

மறுநாள், "தாசையன், பின்னாடி ஏதோ ஆட்டம் மாதிரி தெரியுது. ஒருக்கா பாரும்" என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

தாசையன் பிடித்து அசைத்தார். "அட, ஆமா. டேய், இங்க வாங்கடே."

வந்தார்கள். மூன்று தலைகளும் குனிந்தன. பிரவின்ராஜின் கை தோளில் ஊன்றியது. சுடலைக்கண்ணு கண்ணை ஒரு விநாடி மூடித் திறந்தார். இவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. இதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் அனூப்புக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தற சீக்கிரமா? ரெண்டு வருஷம் நிக்கும்னு சொல்லித் தந்ததல்லே. அண்ணாச்சி, நம்மள அந்தக் கடைக்காரன் பற்றிச்சு. டூப்ளிகேட் தலையில கட்டியிருக்கான். நான் கழற்றி அவனுக்கு அனுப்பிக் கொடுக்கட்டு."

"வேண்டாம் தம்பி. ரேஸ் முடியட்டும். கழற்றண்டாம்."

"அண்ணாச்சி சும்மா இரிக்கணும். இதுக்கு நானாக்கும் பொறுப்பு."

அண்ணாச்சியை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற ஆத்திரத்தில் அவன் பின்னை உருவினான். அந்த நைலான் கையைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ஓடித் தேய்ந்த ஓட்டை முட்டை வடிவத்தில் ஒரு பக்கமாக இழுத்திருக்கும், உள்ளே கறுத்துப் பளபளப்பாக இருக்கும். இது வட்டம் குலையாமல் அகன்றிருந்தது. உள்ளே சுற்றிலும் கீறல். ஓரத்தில் வெள்ளைத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தாசையனிடம் நீட்டினான். தாசையன் பார்த்துவிட்டுப் பிரவின்ராஜிடம் கொடுத்தார்.

"எமரி போட்டிருக்கு" என்றான் பிரவின்ராஜ் மெதுவாக. அவன் கை தோளிலிருந்து எப்போது போனது என்று தெரியவில்லை.

தாசையன் குரல் தாழ்ந்துதான் வந்தது. "முன்னாடி நிக்கணும்னு ஆசையிருந்தா வாயத் திறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா ஓய். விட்டுத் தர மாட்டமா? இப்பிடி ஒரு கள்ளத்தனம் வேணுமா?"

உண்மை சுடலைக்கண்ணுவின் தொண்டை வரை வந்தது. நீங்கள் யாரும் என் பக்கத்தில் வருவதில்லை, அதனால் செய்தேன். சொல்லிவிட்டால் தீர்ந்தது, கள்ளன் என்ற பெயர் போய்விடும். ஆனால் நரை விழுந்த ஒரு மனிதன் இதைச் சொல்லலாமா? சொன்னால் அவர்கள் பரிதாபப்படுவார்கள். ஒவ்வொரு ஞாயிறும் கடமைக்காக வந்து குனிந்து பார்ப்பார்கள். அதை நினைத்தபோது உடம்பு கூசியது. கள்ளனாக இருப்பது அதைவிட மேல்.

"ஆமா" என்றார். "முன்னாடி நிக்கணும்னு ஒரு ஆச. தப்புதான். மன்னிச்சிரணும்."

அனூப் அந்த நைலான் கையை அவர் காரின் மேல் வைத்தான். "கேட்டிருந்தா, என்ட காரிலே உள்ள கையக்கூட நான் கழற்றித் தந்திருப்பேனே அண்ணாச்சி" என்றான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கோபித்திருந்தால் பொறுத்திருப்பார்.

அந்த வாரம் முழுவதும் இனி போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டே இருந்தார். மல்லி மூட்டையை வத்தல் கணக்கில் எழுதி முதலாளியிடம் திட்டு வாங்கினார். ஞாயிறு காலை பையை எடுத்துக்கொண்டு, திரும்பிவிடலாம் திரும்பிவிடலாம் என்று நினைத்தபடியே கிள்ளிப்பாலம் வரை நடந்துவிட்டார்.

முற்றத்தில் மூன்று பேரும் அவருக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள். தங்களுக்குள் பேசிவைத்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"காரக் குடும்" என்றார் தாசையன். "தப்பா எடுக்கண்டாம். இனி உம்ம காரத்தான் முதல்ல பாக்கிறது. சும்மா அசைச்சுப் பாத்தாப் போதாது. எல்லாத்தையும் கழற்றி, உள்ள பாத்துட்டுதான் வரிசையில விடணும்னு வச்சிருக்கோம்."

"எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமும்தான்."

"சரி" என்றார் சுடலைக்கண்ணு. காதுமடல் சுட்டது.

காரைத் தரையில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவருடைய கார் ஆயிற்றே, அவருக்கும் நடுவில் இடம் விட வேண்டியிருந்தது. பிரவின்ராஜின் முழங்கால் அவர் முழங்காலில் இடித்தது. அனூப் பின்னை உருவி, கையை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, தாசையனிடம் கொடுத்தான். அவரும் பார்த்தார். அடுத்ததற்காக அனூப் நிமிராமலே கையை நீட்ட, சுடலைக்கண்ணு குறடை எடுத்து அதில் வைத்தார். கள்ளனைச் சோதிக்கிற சோதனைதான் இது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவமானமாக இருந்தது. இது சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

பின்பக்கத்துச் சக்கரங்கள் முடிந்தன. "இன்னைக்குப் புதுசா ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அனூப் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தான். தாசையனும் எழப் பார்த்தார்.

"முன்பக்கம் ரெண்டும் இன்னும் கழற்றலியே தம்பி" என்றார் சுடலைக்கண்ணு.

அனூப் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.